உயிர் எலியா, உறைந்த எலியா? பாம்பு வளர்ப்பவர்களின் கேள்விகளுக்குப் பதில்

போன இதழில் ராயல் பைத்தானுக்கு வீட்டில் கூண்டு அமைப்பது பற்றி எழுதியிருந்தேன். அதன்பின் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கூண்டைப் பற்றிக் கேட்கவில்லை, சாப்பாட்டைப் பற்றித்தான் கேட்டன. ஆகவே இந்த முறை முழுக்க இரை பற்றியே பேசுவோம்.

என் மகனுக்கு 17 வயது. இரண்டு மாதத்துக்கு முன் ஒருவரிடமிருந்து ராயல் பைத்தான் ஒன்றை வாங்கி வந்தான். "இது உயிர் எலியைத்தான் தின்னும், செத்ததைத் தொடாது" என்று கொடுத்தவர் சொன்னாராம். வாரம் ஒரு எலியை அட்டைப்பெட்டியில் கொண்டுவந்து உள்ளே விடுகிறான். அது கீச்சிடும் சத்தம் எனக்குத் தாங்கவில்லை. கேட்டால், "காட்டில் யாரம்மா அதற்குச் செத்த எலியைச் சுட வைத்துக் கொடுக்கிறார்கள்?" என்கிறான். அவன் சொல்வது சரியா?
— வாசகி, ஹாரோ, லண்டன்

மகன் கேட்பது நல்ல கேள்வி அக்கா, அதிலிருந்தே தொடங்குகிறேன். ராயல் பைத்தானின் காடு மேற்கு ஆப்பிரிக்கா. கானா, டோகோ, பெனின் பக்கம் எலி வளைகளிலும் கரையான் புற்றுகளிலும் பதுங்கிக் கிடக்கும். பசித்தால் அடிக்கும், பசியில்லை என்றால் சும்மா கிடக்கும். எலிக்கும் ஆபத்து தெரிந்தால் ஓடிவிட வழி உண்டு. உங்கள் வீட்டில் இருப்பது நாலடிப் பெட்டி. பாம்புக்குப் பசி இல்லாவிட்டாலும் எலி அங்கேயேதான் இருக்கும், எலிக்கு எவ்வளவு பயம் வந்தாலும் கண்ணாடியைத் தாண்டிப் போக முடியாது. மூலையில் மாட்டிய எலி கடிக்கும். அதற்கே பசி எடுத்துவிட்டால், அசையாமல் கிடக்கும் பாம்பைக் கொறிக்கவும் ஆரம்பிக்கும். இதைக் காடு என்று சொல்ல முடியாது.

எனக்கு இது நடந்திருக்கிறது. நான் பாம்பு வளர்க்கத் தொடங்கி இரண்டாவது வருடம், என்னிடம் இருந்த பெண் பைத்தான் நாலைந்து வாரமாக இரை எடுக்கவில்லை. ஒரு கடையில், "எலியை ராத்திரி உள்ளே விட்டுவிட்டுத் தூங்கப் போங்கள், இருட்டில் தானே தின்றுவிடும்" என்றார்கள். அப்படியே செய்தேன். காலையில் போய்ப் பார்த்தால் எலி தண்ணீர்க் கிண்ணத்தின் விளிம்பில் உட்கார்ந்து முன்னங்கால்களால் மூஞ்சியைத் துடைத்துக்கொண்டிருந்தது. பாம்பு தலையைச் சுருளுக்குள் புதைத்துக் கிடந்தது. கையில் எடுத்தபோதுதான் பார்த்தேன், முதுகின் நடுவில் இரண்டு விரல் அகலத்துக்குச் செதிலே இல்லை, சிவப்பாகச் சதை, அதற்கு நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி. அது முதுகெலும்பு என்று மருத்துவர் சொன்னபோது எனக்குப் பேச்சே வரவில்லை. பல வாரம் ஊசி, தினமும் மருந்து. பிழைத்துக்கொண்டது. ஆனால் அதற்குப்பின் எத்தனை முறை சட்டை உரித்தும் அந்த இடத்தில் செதில் வரிசையாக முளைக்கவேயில்லை, சட்டையைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் அந்த இடம் மட்டும் சுருங்கித் தெரியும். இத்தனை நேரம் பாம்பு ஏன் திருப்பிக் கடிக்கவில்லை என்று கேட்பார்கள். ராயல் பைத்தானின் குணமே அதுதான், பயந்தால் பந்து மாதிரி சுருண்டுகொள்ளும். பால் பைத்தான் என்ற இன்னொரு பெயர் அதனால்தான் வந்தது, இந்தப் 'பால்' ஆங்கிலத்தில் பந்து (Ball).

அப்புறம் எலியின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். பாம்பு சரியாகப் பிடித்துச் சுற்றிவிட்டால் எலி சீக்கிரம் போய்விடும். மூச்சு முட்டித்தான் சாகிறது என்று நெடுநாள் நினைத்திருந்தார்கள். போவா பாம்புகளை வைத்துச் செய்து 2015இல் வெளியான ஆய்வு, சுற்றிய சில நொடிகளிலேயே இரத்த ஓட்டம் தடைப்படுவதுதான் காரணம் என்று காட்டியது. ஆனால் பிடி எப்போதும் சரியாக விழுவதில்லை. இடுப்பில் விழுந்தால் எலி நெடுநேரம் துடிக்கும், தலை வெளியே இருப்பதால் கடிக்கவும் செய்யும். நீங்கள் கேட்கும் சத்தம் அதுதான். உங்களுக்குத் தாங்கவில்லை என்றால் அதில் தவறு ஒன்றும் இல்லை. இங்கிலாந்தில் 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் பாம்பைப் போலவே அந்த எலியையும் காக்கிறது. உயிர் இரை கொடுக்கக் கூடாது என்று அதில் நேராக ஒரு வரி இல்லை, ஆனால் தேவையில்லாமல் வதைத்தால் குற்றம். உறைந்த எலி, அதாவது கொன்று உறைய வைத்த எலி, கடைக்குக் கடை கிடைக்கிற ஊரில் "தேவை" என்று எதைச் சொல்ல முடியும்?

சரி, மாற்றுவது எப்படி என்று பார்ப்போம். மகனிடம் இதைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

தம்பி, முதலில் கூண்டின் சூட்டைப் பார். சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி, குளிர்ந்த பக்கம் 25 டிகிரி வாக்கில் இருக்க வேண்டும். சூடு போதாத பாம்பு எதையும் தின்னாது, தின்றாலும் கக்கிவிடும். கடைசியாக உயிர் எலி தின்ற நாளிலிருந்து இரண்டு வாரம் ஒன்றும் கொடுக்காதே. பிறகு வழக்கமாகக் கொடுப்பதைவிட ஓர் அளவு சின்னதாக உறைந்த எலி வாங்கு. முந்தின நாள் இரவே பையோடு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு டப்பாவுக்குள் வைத்துவிடு. மறுநாள் சாயங்காலம், கை பொறுக்கிற சூட்டில் உள்ள தண்ணீரில் பையை இருபது நிமிடம் போட்டு வை, தண்ணீர் ஆறினால் மாற்று. வயிற்றை அமுக்கிப் பார், உள்ளே கட்டியாக இருந்தால் இன்னும் உருகவில்லை என்று அர்த்தம். வெளியே எடுத்து டிஷ்யூ பேப்பரால் ஈரம் போகத் துடை. ஈரமான எலியைப் பல பாம்புகள் தொடுவதில்லை. உன் பைத்தானின் மேலுதட்டில் வரிசையாகச் சின்னக் குழிகள் தெரியும் பார், அவை வெப்பத்தை உணரும் குழிகள். உடம்புச் சூடுள்ள எதுவும் அதற்கு எலிதான். அதனால் கொடுப்பதற்குச் சற்று முன் எலியின் தலையை மட்டும் இன்னொரு முறை வெந்நீரிலோ ஹேர் டிரையரிலோ காட்டி 38, 40 டிகிரிக்குக் கொண்டுவா.

விளக்கை அணைத்துவிடு. ஓர் அடி நீளமாவது உள்ள இடுக்கியால் எலியைத் தோளுக்குப் பின்னால் பிடித்து, பாம்பு பதுங்கும் பெட்டியின் வாசலுக்கு எதிரே மெல்ல நகர்த்து. மூஞ்சியில் கொண்டுபோய் இடிக்காதே, பயந்துபோகும். பக்கத்தில் கொண்டுபோய்க் கொஞ்சம் பின்னால் இழு, எலி விலகிப் போவது போல. கழுத்து எஸ் மாதிரி வளைந்தால் அடிக்கப் போகிறது. அடித்துச் சுற்றியதும் உடனே விட்டுவிடாமல் வாலைப் பிடித்து இரண்டு மூன்று முறை லேசாக அசை, இரை துடிக்கிறது என்று நினைத்து இன்னும் இறுக்கும். அவ்வளவுதான். எழுந்து வெளியே போய்விடு.

முதல் முறையே எடுத்துக்கொள்ளும் என்று எதிர்பார்க்காதே. எடுக்காவிட்டால் எலியைப் பெட்டி வாசலில் வைத்துவிட்டுப் போ, காலையில் இருந்தால் குப்பையில் போடு. மறுபடி உறைய வைக்காதே. தினமும் முயன்றால் பாம்பு களைத்துப்போகும், ஒரு வாரம் விட்டு மறுபடி பார். இரண்டு மூன்று முறை தோற்றால், உயிர் எலி இருந்த கூண்டின் மரத்தூளில் இந்த எலியைப் புரட்டி எடுத்துக் கொடு, வாசனைக்கு மயங்கும். ஒன்றை மட்டும் செய்யாதே. நடுவில் பாவம் பார்த்து ஓர் உயிர் எலியைக் கொடுத்துவிடாதே, எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டி வரும். சதைப்பிடிப்போடு நல்ல எடையில் உள்ள வளர்ந்த பைத்தான் ஒன்றரை மாதம் பட்டினி கிடந்தால் ஒன்றும் ஆகாது.

நேரமில்லாத நாட்களில் மைக்ரோவேவில் சூடாக்கலாமா?
— வாசகர், மிசிசாகா

வேண்டாம். வெளியே ஜில்லென்று இருக்கும்போது உள்ளே வெந்துவிடும், வயிறு வெடிக்கவும் செய்யும். வெந்த இடம் பாம்பின் வாயையும் குடலையும் சுடும். நேரமில்லை என்றால் நாளைக்குக் கொடுங்கள், பாம்பு காத்திருக்கும்.

நாங்கள் சைவம். மகள் ஆசைப்படுகிறாள் என்று கார்ன் ஸ்நேக் வாங்கச் சம்மதித்துவிட்டேன், ஆனால் என் அம்மா வீட்டுக்குள் செத்த எலி வரக் கூடாது என்கிறார். பாம்புக்குப் பாலும் முட்டையும் போதாதா என்று கேட்கிறார். புற்றுக்குப் பால் ஊற்றி வளர்ந்தவர். என்ன சொல்வது?
— வாசகர், ஸ்கார்பரோ

அம்மாவின் மனது எனக்குப் புரிகிறது, எங்கள் வீட்டிலும் புற்றுக்குப் பால் ஊற்றியிருக்கிறார்கள். ஆனால் பாம்புக்குப் பால் உணவு அல்ல. பாலைச் செரிக்கும் உடம்பு அதற்குக் கிடையாது, தண்ணீர் கிடைக்காமல் தாகத்தில் தவித்தால்தான் பாலைக் குடிக்கும், குடித்தபின் வயிறு கெடும். கார்ன் ஸ்நேக்குக்கு முழு எலி வேண்டும். எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து, ஈரலிலிருந்து வைட்டமின் ஏ என்று எல்லாம் அந்த முழு உடம்பில்தான் இருக்கிறது. கோழிக்கறித் துண்டு கூடச் சரிப்படாது.

முட்டை மட்டுமே தின்னும் பாம்பு ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. ஆப்பிரிக்காவில் வாழ்வது, டாசிபெல்டிஸ் என்பது அதன் அறிவியல் பெயர். பல் என்று சொல்ல ஒன்றும் பெரிதாக இல்லை. தன் தலையைவிடப் பல மடங்கு பெரிய முட்டையை அப்படியே விழுங்கி, கழுத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முதுகெலும்பு முனைகளால் உடைத்து, உள்ளே உள்ளதைக் குடித்துவிட்டு, ஓட்டை நசுங்கிய பொட்டலம் போல வெளியே துப்பிவிடும். பார்க்க ஆச்சரியமாக இருக்கும். ஆனால் குட்டியாக இருக்கும்போது ஃபிஞ்ச் குருவி முட்டை அளவில் வேண்டும், காடை முட்டை கூட அதற்குப் பெரிது, அதுவும் புதிதாக இருக்க வேண்டும். முதன்முதலில் பாம்பு வளர்க்கும் ஒரு வீட்டுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

பாவம் பற்றி அம்மா கேட்டால் நான் சொல்வது இதுதான். பாம்பு வீட்டுக்குள் வந்த நாளிலேயே எலிகளின் சாவுக்கு நாம் பொறுப்பாகிவிடுகிறோம், அதை மறைக்க வழி இல்லை. அந்தச் சாவு பயமும் வலியும் குறைந்ததாக இருக்க வேண்டும் என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது. உறைந்த எலி விற்பவர்களில் ஒழுங்காகச் செய்பவர்கள் கரியமில வாயுவைப் படிப்படியாகக் கூட்டி மயக்கித்தான் கொல்கிறார்கள். எப்படிக் கொல்கிறீர்கள் என்று கேட்டு வாங்குங்கள், சொல்லத் தயங்குபவரிடம் வாங்க வேண்டாம். இத்தனைக்குப் பிறகும் அம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை என்றால் பாம்பு வேண்டாம். தாடிப் பல்லி என்று சொல்லும் பியர்டட் டிராகன் வளர்ந்தபின் பெரும்பாலும் கீரைதான் தின்னும். ஆனால் அதற்கும் பூச்சி கொடுக்க வேண்டும் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

எலியை எங்கள் ஃப்ரீசரில் இட்லி மாவுக்கும் மீனுக்கும் பக்கத்தில் வைக்கலாமா? உறைந்துவிட்டால் கிருமி செத்துவிடும்தானே?
— வாசகி, ஈஸ்ட் ஹாம்

சாகாது. உறைய வைத்தால் சில ஒட்டுண்ணிகள் சாகும், சால்மொனெல்லா சாகாமல் அப்படியே காத்திருக்கும். பிரிட்டனில் 2015 முதல் பலருக்கு வந்த சால்மொனெல்லா தொற்றுக்கு, பாம்புக்காக வாங்கிய உறைந்த சுண்டெலிகள்தான் காரணம் என்று பொதுச் சுகாதாரத் துறை கண்டுபிடித்தது, அதில் குழந்தைகளும் உண்டு. முடிந்தால் சின்னதாகத் தனி ஃப்ரீசர் வாங்கிவிடுங்கள். முடியாவிட்டால் மூடி இறுகிய டப்பாவுக்குள் வைத்து, மேலே பெரிதாக எழுதி, அடித்தட்டில் தனியாக வையுங்கள். உருக்கும் கிண்ணம், இடுக்கி எல்லாம் அதற்கென்று தனி. சமையலறைத் தொட்டியில் அவற்றைக் கழுவாதீர்கள். ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தால் எலியையும் பாம்பையும் தொடவே விடாதீர்கள். மைக்ரோவேவ் வேண்டாம் என்று மேலே சொன்னதற்கு இது இன்னொரு காரணம்.

எங்கள் ஆண் பைத்தான் நவம்பரிலிருந்து சாப்பிடவில்லை, இப்போது ஜனவரி. உறைந்த எலியை நன்றாகத் தின்றுகொண்டிருந்ததுதான். உயிர் எலி ஒன்று விட்டால் ஆசை வரும் என்று மனைவி சொல்கிறார்.
— வாசகர், சூரிக்

குளிர்கால மாதங்களில் வளர்ந்த ஆண் பைத்தான் இரை எடுக்காமல் இருப்பது வழக்கம். இனப்பெருக்கக் காலம், அதற்குத் துணை தேடும் நினைப்புதான் இருக்கும். எனக்குத் தெரிந்த ஓர் ஆண் அக்டோபர் கடைசியில் நிறுத்தினால் மார்ச்சில்தான் வாய் திறக்கும், ஒவ்வொரு வருடமும் அப்படித்தான்.

கண்ணால் பார்த்து மெலிந்துவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள், சமையலறைத் தராசில் ஒரு டப்பாவை வைத்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடை போட்டு எழுதி வையுங்கள். நவம்பரில் 1,400 கிராம் இருந்தது இப்போது 1,350 என்றால் கவலை வேண்டாம். 1,260க்குக் கீழே போனால், அதாவது பத்தில் ஒரு பங்கு குறைந்தால், ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் போங்கள். எடை குறையாவிட்டாலும் மூச்சு விடும்போது சத்தம் வந்தாலோ, வாயோரம் எச்சில் குமிழி தெரிந்தாலோ அன்றே போங்கள். கண் பால் நிறமாக மங்கியிருந்தால் சட்டை உரிக்கப் போகிறது, உரித்து முடித்தபின் கொடுத்துப் பாருங்கள்.

உயிர் எலி மட்டும் வேண்டாம். பசியில்லாத பாம்பும் எலியும் ஒரே பெட்டியில் இருந்தால்தான் நான் முதலில் சொன்ன காயம் வருகிறது. அதோடு, செத்த இரையை ஏற்கும் பாம்புக்கு உயிர் இரை கொடுப்பதை உங்கள் நாட்டுச் சட்டமும் ஏற்பதில்லை.

கார்ன் ஸ்நேக் குட்டி, பிறந்து ஆறு வாரம். உறைந்த பிங்கியை மூன்று முறை மறுத்துவிட்டது. உயிரோடு ஒரு பிங்கி கொடுத்தால் தவறா? அதற்குப் பல்லே இல்லையே.
— வாசகி, பாரிஸ்

பிங்கி என்றால் பிறந்து சில நாளே ஆன, மயிர் முளைக்காத, கண் திறக்காத எலிக்குஞ்சு. அது கடிக்காது என்பது உண்மை, பாம்புக்கு அபாயம் இல்லை. ஆனாலும் முதலில் மற்ற வழிகளைப் பாருங்கள். காட்டில் கார்ன் ஸ்நேக் குட்டிகள் பல்லியையும் மரத்தவளையையும்தான் முதலில் தேடும், அதனால் எலி வாசனை சில குட்டிகளுக்குப் பிடிபடுவதில்லை. பிங்கியை வெந்நீரில் நன்றாகக் கழுவி எலி வாசனையைப் போக்கிக் கொடுத்துப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் அந்தச் செத்த பிங்கியின் நெற்றியில் ஊசியால் ஒரு சின்னக் கீறல் போட்டு உள்ளிருப்பது வெளியே தெரிய விட்டுக் கொடுங்கள். எழுதவே சங்கடமாக இருக்கிறது, ஆனால் பெரும்பாலும் பலிக்கும் வழி இதுதான். குட்டியையும் பிங்கியையும் காற்றுத்துளை போட்ட சின்ன டப்பாவில் ஈர டிஷ்யூவோடு போட்டு, கூண்டுக்குள்ளேயே இரவு முழுக்க வைத்துவிடுங்கள். பெரிய கூண்டில் மிரளும் குட்டி சின்ன இடத்தில் தின்றுவிடும்.

எல்லாம் செய்தும் எடை இறங்கிக்கொண்டே போனால், மருத்துவர் பார்த்துச் சொன்னபின், ஒரே ஒரு முறை உயிர்ப் பிங்கி கொடுப்பதை நான் ஏற்றுக்கொள்வேன். குட்டி செத்துப்போவதற்கு அது மேல். நான் விதிவிலக்கு கொடுக்கும் ஒரே இடம் இதுதான். அடுத்த வாரமே உறைந்ததற்குத் திரும்பிவிட வேண்டும்.

உறைந்த இரையில் சத்து போய்விடும் என்கிறார்களே?
— வாசகர், ஆஸ்லோ

எலியில் அவ்வளவாகப் போகாது. நெடுநாள் வைத்தால் வைட்டமின் ஈ குறையும், அதனால் ஆறு மாதத்துக்குத் தேவையானதை மட்டும் வாங்குங்கள். மீன் தின்னும் கார்ட்டர் பாம்பு வளர்ப்பவர்கள்தான் கவனிக்க வேண்டும். தங்கமீன் போன்ற சில மீன்களில் வைட்டமின் பி1ஐ அழிக்கும் தயமினேஸ் என்ற பொருள் உண்டு, உறைய வைத்தாலும் அது அழியாது. அதையே தொடர்ந்து தின்னும் பாம்புக்கு வலிப்பு வரும், தலை ஒரு பக்கமாகத் திருகிக்கொள்ளும். டிரவுட், சால்மன் கொடுங்கள், சுண்டெலிக்குப் பழக்கிவிட்டால் இன்னும் நல்லது.

கோவையில் ஒரு கடையில் பால் பைத்தான் வாங்கினேன். இங்கே உறைந்த எலி கிடைப்பதில்லை, உயிருள்ள வெள்ளை எலிதான் விற்கிறார்கள். வாங்கி நானே ஃப்ரீசரில் வைத்து உறைய வைக்கலாமா?
— வாசகர், கோயம்புத்தூர்

உயிரோடு ஃப்ரீசரில் வைக்கவே வைக்காதீர்கள். குளிரில் விறைத்து, நினைவு தப்பும் வரை அது படும் வேதனை, பாம்பிடம் மாட்டுவதைவிட மோசமானது. வலியில்லாமல் கொல்லத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் பேசி, ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து எலிகளுக்கு ஏற்பாடு செய்து, அப்புறம் உறைய வையுங்கள். செலவுதான், ஆனால் மூன்று நாலு மாதத்துக்கு வரும். வீட்டில் பொறியில் விழுந்த எலியைக் கொடுக்காதீர்கள், அது பக்கத்து வீட்டில் விஷம் தின்றிருக்கலாம்.

கடைக்காரர் சொன்னாரா தெரியாது, பால் பைத்தான் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள பாம்பு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022இல் செய்த திருத்தத்துக்கும் 2024இல் வந்த விதிகளுக்கும் பிறகு, இப்படிப்பட்ட வெளிநாட்டு உயிரினத்தை வைத்திருப்பவர்கள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பாம்பு எங்கிருந்து வந்தது என்று காட்டும் காகிதத்தைக் கடையில் கேட்டு வாங்குங்கள், தர மறுத்தால் வனத்துறை அலுவலகத்துக்கே நேரில் போய்க் கேளுங்கள். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும்: சாரை, தண்ணீர்ப் பாம்பு, மலைப்பாம்பு என்று நம் ஊர்ப் பாம்பு எதுவாக இருந்தாலும் பிடித்து வீட்டில் வளர்ப்பது குற்றம், அதற்கு எந்த இரை கொடுப்பது என்ற கேள்விக்கு நான் பதில் எழுத மாட்டேன். அப்படி இரண்டு கடிதங்கள் வந்திருக்கின்றன. பிடித்து வைத்திருப்பவர்கள் தயவு செய்து இன்றைக்கே வனத்துறையைக் கூப்பிட்டு ஒப்படைத்துவிடுங்கள்.